பச்சை எரிஞ்சுதா இல்லையா

ஜன்னலை இழுத்து மூடிடுங்கக்கா, சாரல் பூரா உங்க மேலதான் அடிக்குது. சும்மா இழுத்தா வராது, மேல ஒரு குத்து விடணும். இருங்க, நான் விடறேன். ஆங், இப்ப சரி.

இல்லக்கா, அழல. யாரு அழுதா? கோவம். எனக்குக் கோவம் வந்தா கண்ணுல தண்ணி வந்துடும், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பாக்குறவங்க எல்லாம் நான்தான் தப்பு பண்ணிட்டு அழறேன்னு நினைச்சுக்குவாங்க. ஸ்கூல்ல அதுக்கே எத்தனை அடி வாங்கியிருக்கேன். நான் என்ன தப்பு பண்ணேன்? முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். எஸ்தருன்னு பேரு, செஞ்சிக்கு அந்தாண்ட உள்ள தள்ளி ஒரு ஊரு. ஒரகடத்துலேர்ந்து மூணு பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடிச்சு, அப்புறம் சேத்துல நடந்து, கையில ஒரு கிலோ மைசூர்பாகோட போறேன். எனக்கு வேலை பர்மனன்ட் ஆயிடுச்சு, அதுக்கு ஸ்வீட்டு. முதல்ல அவளுக்குத்தான் தரணும்னு பெட்டியைப் பிரிக்காமக்கூடக் கொண்டு போனேன். அது தப்பா? அவ திட்டியிருந்தாலும் பரவால்ல. வா, உக்காருன்னா. தண்ணி கொண்டாந்து கொடுத்தா. அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

சிப்பு கம்பெனிக்கா. திங்குற சிப்ஸ் இல்ல. போன்லயும் கார்லயும் உள்ள கருப்பா நகத்தளவுக்கு இருக்குமே, அது. வெளிநாட்டுலேர்ந்து தட்டு தட்டா வரும். அதை அறுத்து, தகட்டுல ஒட்டி, தங்கக் கம்பியால தைச்சு, மேல மூடி அனுப்புவோம். நானும் எஸ்தரும் தைக்குற மெஷின்ல. ஊசி நூலுன்னு நினைச்சுக்காதீங்க, தலைமுடியை நாலாக் கிழிச்சா எவ்வளவு இருக்குமோ அவ்வளவு கம்பி. மெஷினே தைச்சுடும். ஒருத்தி தகட்டை உள்ள கொடுக்கணும், இன்னொருத்தி எடுத்துப் பெரிய கண்ணாடியில பாக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திக்கணும். ஜோடி ஜோடியாத்தான் போடுவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மெஷின், ஒரே ஷிஃப்ட்டு, ஹாஸ்டல்ல ஒரே ரூம்.

மாசி மாசம் சேந்தோம். எட்டு மாசம் ட்ரெயினி. எட்டு மாசத்துல பேருல ரெண்டு குறை வந்துச்சுன்னா கிளம்புன்னுடுவாங்க. வரலேன்னா பர்மனன்ட். இது போச்சுன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எங்க தெருவுல டிகிரி முடிச்ச பொண்ணுங்கள்ல கழுத்துல கம்பெனி கார்டை மாட்டிக்கிட்டு பஸ் ஏறுறவ நான் ஒருத்திதான். கார்டைக் கழட்டிட்டு வீட்டுல வந்து உக்காந்தேன்னா மறுநாளே மாமா வீட்டுலேர்ந்து தட்டைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. அந்த மாமா பையன் மூஞ்சியை நீங்க பாக்கணும். எஸ்தருக்கும் வேணும்தான் வேலை, இல்லேன்னு சொல்லல. அப்பா கிடையாது, அம்மா கூலி வேலை. இந்த வேலை கிடைச்சப்ப சர்ச்சுல அவ பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாங்களாம்.

உள்ள போறதே பெரிய பாடுக்கா. பூ கூடாது, பொட்டு கூடாது, பவுடர் அறவே கூடாது. ஒரு பொட்டுப் பவுடர் சிப்பு மேல விழுந்தா மலை விழுந்த கணக்காம். மூக்குத்தி, வளையல், கொலுசு, கையில கட்டுற கயிறு எல்லாத்தையும் கழட்டி லாக்கர்ல வைக்கணும். அப்புறம் தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. கண்ணு மட்டும்தான் வெளிய. ஒண்ணுக்குப் போகணும்னா அத்தனையும் கழட்டி மறுபடி மாட்டணும், அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்க மாட்டோம். முதல் மாசம் எனக்கு நீர்க்கடுப்பு வந்து துடிச்சேன். எஸ்தர்தான் கேன்டீன்ல போய்ச் சண்டை போட்டு மோர் வாங்கியாந்து கொடுத்தா. நல்லவதான். நல்லவங்க கூட இருக்குறதுதான் கஷ்டம்.

இன்னொண்ணு இருக்குது. கைப்பட்டை. வாட்சு மாதிரி இடது கையில மாட்டி, அதுலேர்ந்து ஒரு ஒயரை மேசையில சொருகணும். நம்ம உடம்புல கரண்ட்டு இருக்குதாம். நமக்குத் தெரியாது, ஆனா தொட்டா சிப்பு செத்துடும். செத்ததும் உடனே தெரியாதாம். சிலது அப்பவே சாகும், சிலது குத்துயிரா வெளிய போயி எவன் கார்லயாவது பிரேக் அடிக்குறப்ப சாகும். அதனால அந்தப் பட்டையில இருக்குற இரும்பு நம்ம தோலுல ஒட்டி இருக்கணும், உடம்புல இருக்குற கரண்ட்டு ஒயர் வழியா பூமிக்குப் போயிடும். தினம் உள்ள நுழையுறப்ப ஒரு பொட்டியில விரலை வைக்கணும். பட்டை சரியா ஒட்டியிருந்தா பச்சை எரியும், இல்லேன்னா சிவப்பு. பச்சை எரிஞ்சாத்தான் கதவு தொறக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க. பச்சை எரிஞ்சாத்தான் கதவு. எனக்கு ஒருநாளும் தொறக்காம இருந்ததில்ல.

எஸ்தர் பண்ண முதல் கிறுக்குத்தனத்தைச் சொல்றேன் கேளுங்க. சித்திரை மாசம். தகட்டை எடுக்குறப்ப அவ கை நழுவி ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. குனிஞ்சு எடுத்தா. கண்ணாடியில வச்சுப் பாத்தோம், ஒரு கீறல் இல்ல. சூப்பர்வைசர் ரகுநந்தன் சார் அந்தக் கோடியில எவனையோ திட்டிக்கிட்டிருந்தாரு. ஒருத்தரும் பாக்கல. வையுடி உள்ளன்னேன். இவ என்ன பண்ணா தெரியுமா? செவத்துல ஒரு பெட்டி தொங்குது, அதுல ஃபாரம் இருக்கும், தப்பு நடந்தா எழுதிப் போடணும். 'சொன்னால் தண்டனை இல்லை, மறைத்தால் மன்னிப்பு இல்லை'ன்னு பெருசா எழுதி ஒட்டியிருப்பாங்க. இவ போய் ஃபாரத்தை எடுத்து, தேதி, மணி, மெஷின் நம்பரு, கை நழுவியதுன்னு முத்து முத்தா எழுதி, கையெழுத்துப் போட்டு உள்ள போட்டுட்டா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

மறுநாள் மீட்டிங்ல ரகுநந்தன் சார் அவளை எழுப்பி நிக்க வச்சு எல்லாரையும் கை தட்டச் சொன்னாரு. நானும் தட்டுனேன். இப்படித்தான் இருக்கணும், இவளைப் பாத்துக் கத்துக்கோங்கன்னாரு. கை தட்டி முடிச்சதும் அவ ஃபைல்ல ஒரு குறைன்னு ஏத்திட்டாரு. ஆமாக்கா, அதே மனுஷன். அன்னிக்கு மெஸ்ஸுல உக்காந்து அவளை நான் திட்டுன திட்டு இருக்கே. கூறு இருக்கா உனக்கு, யாரு கேட்டா உன்னைன்னு கேட்டேன். சிரிக்குறா. விழுந்துச்சுல்லன்னா. விழுந்ததை விழுந்துச்சுன்னு எழுதினேன்னா. அதுக்கு மேல அவகிட்ட என்ன பேசுறது? அன்னிலேர்ந்து நான் ஒரு முடிவு பண்ணேன். இந்தக் கம்பெனியில வாயைத் தொறக்குறவதான் மாட்டுவா. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யாரு? எஸ்தர்தான். அவளை வச்சுத்தான் நான் கத்துக்கிட்டேன்.

இப்ப ஆடி மாசத்துக்கு வாங்க.

எங்க ஊரு செய்யாறு பக்கம். ஆடியில மாரியம்மனுக்குத் தீமிதி. எனக்கு வேலை கிடைச்சா என்னை மிதிக்க வைக்குறேன்னு எங்கம்மா வேண்டிக்கிட்டாங்க. என்னைக் கேட்டா வேண்டினாங்க? அதெல்லாம் கேக்குற பழக்கமே எங்க வீட்டுல கிடையாது. தீ மிதிக்கணும்னா பத்து நாளைக்கு முன்ன காப்புக் கட்டணும். விரலி மஞ்சளைக் கோத்த மஞ்சக் கயிறு, பொம்பளைங்களுக்கு இடது கையில. கட்டினா மிதிச்சு முடிக்குற வரைக்கும் அவுக்கக் கூடாது, ஊரு எல்லையைத் தாண்டக் கூடாது. பத்து நாள் லீவு கேட்டேன். ரகுநந்தன் சாரு சிரிச்சாரு. நாலு நாள் கேட்டேன். ட்ரெயினிக்கு லீவே கிடையாது, போனா போனதுதான்னாரு. பிச்சை எடுக்குற மாதிரி நின்னேன்க்கா அவரு மேசை முன்னால. அப்ப வெறும் வார லீவுதான் எனக்கு.

எங்கம்மா பூசாரியைப் போய்ப் பிடிச்சாங்க. அவரு, காலம் மாறிப்போச்சும்மா, எல்லையில ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சுக் கும்பிட்டுட்டுத் தாண்டட்டும், ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா, ஆனா கயிறு மட்டும் கையை விட்டு இறங்கக் கூடாதுன்னுட்டாரு. சரின்னு கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். நான் என்ன திருட்டுப் பொருளையா மறைச்சுக் கொண்டு போனேன்? சாமி கயிறுக்கா அது.

வாசல்ல தடவிப் பாக்குற செக்யூரிட்டி அக்கா சரோஜான்னு பேரு. சட்டைக் கையை மேல தூக்கினதும் பாத்துட்டாங்க. அவங்க சுத்தி ஒரு பார்வை பாத்தாங்க, அந்தக் கயிறைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. உள்ள தள்ளிக்கோம்மான்னாங்க. பாத்துக்கோங்க. நான் மட்டும் பண்ணலை.

அன்னிக்குப் பொட்டியில விரலை வச்சதும் சிவப்பு எரிஞ்சுது. ஏன்னா கயிறும் மஞ்சளும் தடிப்பா இருக்குது, பட்டை அது மேல உக்காந்துக்கிட்டு தோலைத் தொடல. இந்தக் கையில மாட்டாம வலது கையில மாட்டலாமேன்னு கேப்பீங்க. வலது கையில மாட்டினா ஒயர் மெஷினுக்குள்ள போய்ச் சிக்கும், விட மாட்டாங்க. என் பின்னால வரிசையில நாப்பது பேரு. சீக்கிரம் சீக்கிரம்னு சத்தம். நான் கட்டை விரலால பட்டையை இப்படி அழுத்திப் பிடிச்சேன். பச்சை எரிஞ்சுது. கதவு தொறந்துச்சு. பச்சை எரிஞ்சுதா இல்லையா? அந்தப் பொட்டி கம்பெனியோடது, அந்த லைட்டு கம்பெனியோடது. அது போலாம்னு சொன்னா நான் போனேன். எட்டு நாளும் பச்சைதான். கம்ப்யூட்டர்ல இன்னிக்கும் எடுத்துப் பாக்கலாம், என் பேருக்கு நேரா எட்டுப் பச்சை இருக்கும்.

உள்ள போனப்புறம் அழுத்திக்கிட்டே வேலை செய்ய முடியுமா? முடியாது. கை ரெண்டும் வேணும்ல.

எஸ்தருக்குக் கயிறு தெரியும். ஒரே ரூம்ல இருக்கோம், குளிக்குறப்ப மஞ்சள்ல ஈரம் படக் கூடாதுன்னு நான் பிளாஸ்டிக் கவரைச் சுத்திக்கிட்டுப் போவேன், பாக்காம இருப்பாளா? ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, சங்கவி, உள்ளயும் இதோடவா போறன்னு கேட்டா. ஆமா, சாமி காப்பு, அவுத்தா எங்கம்மா செத்துடுவாங்கன்னேன். அப்புறம் அவ பேசல. அவங்க வேற சாமி, நம்ம சாமி விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு இருந்திருப்பா போலன்னு நினைச்சேன். ஷிஃப்ட்டு மாறுனதுல எட்டு நாள் வேலைக்கு அப்புறம்தான் வார லீவு வந்துச்சு, ஊருக்குப் போனேன், தீ மிதிச்சேன், காலுல ஒரு கொப்புளம் கிடையாது. கயிறை அவுத்துக் கெணத்துல போட்டுட்டு வந்தேன். ஆத்தா சும்மா விடுவாளா? என் மேல தப்பு இருந்தா கால் வெந்திருக்கணும்ல?

ஆவணி பொறந்துச்சு. நாங்க தைச்சது டெஸ்ட்டு ரூமுக்குப் போக பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். அங்க ஒரு நாள் எங்க மெஷின் சிப்பு செத்துச் செத்து விழுந்துச்சாம். எட்டு நாள் சரக்கு. ஒவ்வொரு தகட்டுலயும் மெஷின் நம்பரும் தேதியும் இருக்கும், தப்பிக்க முடியாது. எங்க ஜோடியை லைனை விட்டு வெளிய எடுத்தாங்க. மெஷினைக் கழட்டிப் பாத்தாங்க, ஊசியை மாத்துனாங்க, மேசை ஒயரை எல்லாம் புடுங்கிப் புதுசு போட்டாங்க. மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. அப்ப யாரு? ரெண்டு பேருல ஒருத்தி.

கேன்டீனுக்குப் பக்கத்துல ட்ரெயினிங் ரூம்னு ஒண்ணு. அதுல எங்க ரெண்டு பேரையும் மூணு நாள் உக்கார வச்சாங்கக்கா. எதிர் எதிர் நாற்காலி. ஆளுக்கு ஒரு வெள்ளைப் பேப்பரு. நடந்ததை எழுதுங்கன்னாரு ரகுநந்தன் சாரு. உண்மையைச் சொன்னா கம்பெனி மன்னிக்கும், பர்மனன்ட் ஆகுறதைத் தடுக்காதுன்னாரு. நான் நம்புவனா? ஏற்கனவே ஒருத்தி உண்மையைச் சொல்லி வாங்குன கைதட்டலைப் பாத்தவ நான். எல்லா விதியையும் கடைப்பிடித்தேன், தினமும் பச்சை விளக்கு எரிந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. நீங்களே சொல்லுங்க, ஒரு எழுத்து பொய் உண்டா?

எஸ்தர் எழுதவே இல்ல. பேப்பர் வெள்ளையாவே கிடக்குது. முதல் நாளும் எழுதல, ரெண்டாவது நாளும் எழுதல. கூப்பிட்டுக் கேட்டாங்க, பட்டை போடாம இருந்தியான்னு. போட்டேன்னா. சங்கவி போட்டாளான்னு கேட்டாங்க. இவ என்னைப் பாத்தா. முகமூடி இல்லாம, பளிச்சுன்னு வெளிச்சத்துல, நேரா பாத்தா. அவளே இருக்கா சார், அவளைக் கேளுங்கன்னா. என்னைக் கேட்டாரு. போட்டேன் சார்னேன். போட்டேனா இல்லையா? போட்டேன்.

வேற ஒண்ணும் அவரு கேக்கல. கையில என்னம்மா கட்டியிருந்தன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டே இருக்க முடியுமா? சரோஜா அக்கா அந்தப் பக்கம் நாலு தடவை போனாங்க வந்தாங்க, அவங்க மட்டும் வாயைத் தொறந்தாங்களா? அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குது, தொறக்க மாட்டாங்க. அவங்களை யாராவது திட்டுறாங்களா?

மூணாவது நாள் சாயங்காலம் முடிவைச் சொன்னாங்க. ரெண்டு பேரு மேலயும் சந்தேகம், ஆனா ஒருத்தி ஃபைலு சுத்தம், ஒருத்தி ஃபைல்ல ஏற்கனவே ஒரு குறை இருக்குது. எழுதச் சொல்லியும் எழுதல, ஒத்துழைப்பு இல்ல. அதனால எஸ்தரை நிறுத்திட்டாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு எங்கப்பா சொல்லுவாரு. அந்தக் குறையை யாரு ஏத்துனா? அவளே எழுதிப் போட்டது. நான் அப்பவே சொன்னேன். தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டா.

அவ துணிமணியெல்லாம் நான்தான் மடிச்சு வச்சேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். பஸ் வர்ற வரைக்கும் நின்னா, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்னா. வேற ஒண்ணும் இல்லையா சங்கவின்னு கேட்டா. போயிட்டு போன் பண்ணுன்னேன். ஏறிட்டா.

அதுக்கப்புறம் வந்த சரக்கெல்லாம் நல்லாயிருந்துச்சு. ஒண்ணுகூடச் சாகல. பாத்தியா, ஆளை மாத்துனதும் சரியாயிடுச்சுன்னாரு ரகுநந்தன் சாரு. ஆள் மட்டுமா மாறுச்சு? ஊசியை மாத்தினாங்க, ஒயரை மாத்தினாங்க, அதுக்கு முன்னாடியே கயிறு கெணத்துக்குப் போயிடுச்சு. எதனால சரியாச்சுன்னு யாரு கண்டா? நான் கண்டேனா? நான் என்ன இன்ஜினியரா? பி.எஸ்சி. கணக்கு படிச்சவ.

ரெண்டரை மாசத்துல அஞ்சு தடவை போன் பண்ணியிருக்கேன் அவளுக்கு. எடுக்கல. ஒரு தடவை அவகிட்டேர்ந்து போன் வந்துச்சு, நான் ட்யூட்டியில உள்ள இருந்தேன், அப்புறம் மறந்துட்டேன். போன வாரம் எனக்கு ஆர்டர் வந்துச்சு. கையில வாங்கினதும் அவ ஞாபகம்தான் வந்துச்சு, அதனாலதான் கிளம்புனேன். வேற யாரு போவா சொல்லுங்க? எங்க பேட்ச்ல முப்பது பேரு, ஒருத்தி போய்ப் பாத்தாளா அவளை?

போனா வீட்டுல இல்ல, காட்டுல இருக்காங்கன்னாங்க. மல்லாட்டைச் செடி புடுங்குறாங்க, மழை பிடிக்குறதுக்குள்ள கடலையை எடுக்கணும்னு. வரப்புல இறங்கிப் போறேன், அவங்கம்மா என்னைப் பாத்ததும் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எம்பொண்ணு உன்னைப் பத்திதாம்மா பேசுவா, நீயாவது அங்க நல்லா இருக்கியேன்னாங்க. ஸ்வீட்டை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. என்ன கெரகம்டா இதுன்னு இருந்துச்சு எனக்கு. அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியல. அம்மாகிட்டக்கூட அவ சொல்லலக்கா. பெத்த அம்மாகிட்ட.

எஸ்தர் எழுந்து வந்தா, வரப்புல உக்காருன்னா, தண்ணி கொடுத்தா. கையெல்லாம் மண்ணு. அந்தக் கண்ணாடியில மயிரிழைக் கம்பியைப் பாத்து ஒடைஞ்சிருக்கா இல்லையான்னு எங்க யாரையும் விட முன்னால சொல்லுறவ அவதான். நகமெல்லாம் பிஞ்சு கிடக்குது. எனக்குத் தாங்கல. தாங்காமத்தான் கோவம் வந்துச்சு. அவங்கம்மா தள்ளிப் போனதும் கேட்டேன். ஏன்டி, நீ பண்ணலன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கலாம்ல, வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேட்டேன். கேட்டேன்க்கா. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அவ கையைத் தட்டிக்கிட்டே சொன்னா.

"நான் பண்ணலன்னு எழுதினா நீதான்னு எழுதின மாதிரி. உன் கையில இருந்ததை நான் பாத்தேன்ல. அதை நீயே சொல்லுவேன்னு மூணு நாளு உக்காந்திருந்தேன்."

அவ்வளவுதான். குரலைக்கூட உசத்தல. அப்புறம், நிறுத்துனப்ப கொடுத்த லெட்டர்ல மூணு மாசத்துக்குள்ள புதுசா ஏதாவது தெரிஞ்சா மறுபடி எடுத்துக்குவோம்னு போட்டிருக்காங்க, இன்னும் பன்னெண்டு நாள் இருக்குதுன்னா. யாரோ மூணாம் மனுஷிக்கு பஸ் டைம் சொல்லுற மாதிரிச் சொன்னா. ரெண்டரைக்கு பஸ்ஸு, விட்டா அஞ்சு மணிக்குத்தான், நீ கிளம்புன்னுட்டு மறுபடி செடியில போய் உக்காந்துட்டா.

எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்க. அன்னிக்கே என்னைக் காட்டிக் கொடுத்திருந்தா நாலு நாள் திட்டிட்டு, அழுதுட்டு, மாமா பையனுக்குக் கழுத்தை நீட்டிட்டுக் கிடந்திருப்பேன். துரோகின்னு சொல்லிக்கிட்டுக் காலத்தை ஓட்டியிருப்பேன். அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டா. என்னை நம்பச் சொல்லி யாரு கேட்டா அவளை? நான் கேட்டேனா? இன்னும் நம்புறா. அந்த மல்லாட்டைச் செடியில உக்காந்துக்கிட்டு இப்பவும் நாளை எண்ணிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கா.

எழுதிப் போடலாம். எழுதினா எனக்கு வேலை போகும், அது நிச்சயம். அவளுக்குக் கிடைக்கும்னு யாரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா? சரோஜா அக்காவுக்கும் சேத்துப் போகும். எங்கம்மா ஊரு பூரா சொல்லி வச்சிருக்காங்க, ஆத்தா கொடுத்த வேலைன்னு. ஆத்தா கயிறாலதான் சிப்பு செத்துச்சுன்னு எப்படி எழுதுறது? எந்தக் கையால எழுதுறது?

ஆமாக்கா, கயிறாலதான். என் கைதான். பட்டை தோலைத் தொடலன்னு எனக்குத் தெரியும், எட்டு நாளும் தெரியும், அழுத்துன விரலு எனக்குத் தெரியாதா? போதுமா? சொல்லிட்டேன். எஸ்தர் முன்னால நின்னப்ப இது வாயில வரல. அந்த ட்ரெயினிங் ரூம்ல மூணு நாளா வரல. எங்கம்மாகிட்ட வரல.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, வண்டி இரைச்சல்ல கேக்கல. உங்ககிட்ட மட்டும் ஏன் சொல்றேன்னா?

நீங்க வந்தவாசியில இறங்கிடுவீங்க. அதனாலதான்.